முதல் கப்பல் டைவ்: பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் எங்கே போகலாம்?

டைவிங்கின் முதல் படியான ஓபன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அநேகமாக எல்லோருக்கும் ஓர் ஆசை வருகிறது. பவளம் பார்த்தாயிற்று, இனி மூழ்கிய கப்பல் ஒன்றைப் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகனும் அவனோடு பயிற்சி எடுத்தவர்களும் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். "அண்ணே, பெர்ஹெந்தியானா, புக்கெட்டா, பாலியா? ஒண்ணு சொல்லுங்க, டிக்கெட் போட்டுடுறோம்" என்கிறான். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவன் நண்பன் சபாவை ஒட்டிய லாபுவான் தீவுக்குப் போகலாம் என்கிறான். ஆளுக்கொரு வீடியோ பார்த்துவிட்டு ஆளுக்கொரு கப்பல் சொல்கிறார்கள்.

டிக்கெட்டின் விலையிலிருந்து இந்த முடிவைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. முதலில் ஆழத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து, அந்தக் கப்பல் எப்படி மூழ்கியது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, நீங்கள் போகிற மாதம். இந்த மூன்றும் பொருந்தி வந்த பிறகு பணக் கணக்கைப் போட்டால் போதும். அப்படிப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

ஆழம் ஏன் முதலில்? ஓபன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்குமானது. அடுத்த படியான அட்வான்ஸ்ட் முடித்தால் 30 மீட்டர். இரண்டுக்கும் இடையே 12 மீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் சிலிண்டர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2,400 லிட்டர். 50 பாரை மேலே வருவதற்கு ஒதுக்கினால் மிச்சம் 1,800. புதிதாக இறங்குபவர் நிதானமாக மூச்சுவிட்டாலும் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, ஆகவே நிமிடத்துக்கு 56 லிட்டர் போகும். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு, நிமிடத்துக்கு 80 லிட்டர். 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பரபரப்பில் மூச்சு வேகமானால் அதுவும் கிடையாது. ஆழத்தில் மூச்சுவிடும்போது உடலில் கரையும் நைட்ரஜனின் கணக்கும் இதே கதைதான். டைவிங் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணைப்படி, முதல் டைவில், மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நிறுத்தம் தேவைப்படாமல் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம். போதாததற்கு, அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் சிலருக்கு இலேசாகத் தலைகாட்டும். கப்பலைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு இறங்கிவிட்டு, காற்றுமானியையே பார்த்துக்கொண்டு திரும்புவது முதல் அனுபவமாக இருக்கக் கூடாது.

எப்படி மூழ்கியது என்பதை நம்மில் பலர் கேட்பதே இல்லை. விபத்தில் போன கப்பலும், செயற்கைப் பாறையாக்கவென்றே மூழ்கடித்த கப்பலும் தண்ணீருக்குள் இறங்குபவருக்கு ஒரே மாதிரியானவை அல்ல.

முறையாக மூழ்கடிப்பதென்றால் அதற்கு முன் நிறைய வேலை இருக்கிறது. எரிபொருள், எஞ்சின் எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றையும் வடித்துத் துடைக்க வேண்டும். பழைய மின்கம்பிகள், ஆஸ்பெஸ்டாஸ், உரிந்துவரும் பெயின்ட், மிதந்து கரையேறக்கூடிய பொருள்கள் யாவற்றையும் அகற்ற வேண்டும். கதவுகளைக் கழற்றிவிடுவார்கள். பக்கச் சுவர்களில் பெரிய துளைகள் வெட்டுவார்கள். டைவர் சிக்கிக்கொள்ளாமல் வெளியேற அவை வழி, நீரோட்டமும் வெளிச்சமும் உள்ளே போவதற்கும் அவைதான் வழி. பிறகு புயலில் நகராத ஆழம் பார்த்து, ஏற்கெனவே பவளம் இல்லாத மணல்தரை பார்த்து இறக்குவார்கள். சில வாரங்களிலேயே பாசி படரும். பிறகு கொட்டலசுகள், சிப்பிகள், கடற்பஞ்சுகள், மென்பவளங்கள். நிமிர்ந்து நிற்கும் இரும்புச் சுவரில் மோதும் நீரோட்டம் மிதவையுயிர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். அதைத் தின்னச் சிறு மீன், சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் என்று வந்து சேரும்.

விபத்தில் போன கப்பலில் இந்தத் தயாரிப்பு எதுவும் நடந்திருக்காது. கயிறு, கம்பி, சரக்கு எல்லாம் கிடந்த கோலத்தில் கிடக்கும். மேலே மீனவர் வலை சிக்கியிருக்கும். எந்தத் தகடு எப்போது இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அதற்கென்று ஒரு வரலாறு இருக்கும், வயதும் கூட இருக்கும். உயிர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியேறியிருக்கும். எனவே ஒன்றை ஒதுக்கி இன்னொன்றைத் தேர்ந்தெடு என்று நான் சொல்லவில்லை. எதற்குள் இறங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

செயற்கைப் பாறை நமக்குப் புதிதும் இல்லை. மலேசிய மீன்வளத் துறை 1975-லேயே கெடாவின் தெலோர் தீவருகே பழைய டயர்களைக் கட்டி இறக்கியது. பின்னாளில் பறிமுதல் செய்த மீன்பிடிப் படகுகளையும், கான்கிரீட் கட்டமைப்புகளையும் இறக்கினார்கள். கான்கிரீட்டுக்கு மாறியது நல்லதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970-களில் கொட்டிய சுமார் 20 லட்சம் டயர்கள் கட்டு அறுந்து உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தையே நொறுக்கின. இன்னும் அள்ளி முடியவில்லை. கடலில் எதைப் போட்டாலும் மீன் வரும் என்பது உண்மையாக இருக்கலாம், அதனால் எதையும் போடலாம் என்று ஆகிவிடாது.

சரி, இடங்களுக்கு வருவோம்.

பினாங்குக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது பாயார் தீவு. லங்காவியிலிருந்து படகில் போகலாம். அது கடல் பூங்கா, மீன் நிறைய. ஆனால் மலாக்கா நீரிணை சேறு கலந்த கடல். பல நாள்களில் பார்வைத் தூரம் சில மீட்டர்களுக்கு மேல் இருக்காது. சான்றிதழ் வாங்கிய பின் கை பழகுவதற்கு நல்ல இடம். கப்பல் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவருக்கு அங்கே மனம் நிறையாது.

கிழக்குக் கரைத் தீவான பெர்ஹெந்தியானின் 'சுகர் ரெக்' (ரெக் என்றால் மூழ்கிய கப்பல்) ஓபன் வாட்டர் சான்றிதழோடு பார்க்கக்கூடிய கப்பல்களில் நமக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது. சர்க்கரை ஏற்றிவந்த சரக்குக் கப்பல், 2000-ஆம் ஆண்டுவாக்கில் மழைக்காலக் கடலில் மூழ்கியது. கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளம், 18 மீட்டர் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. சாய்ந்து கிடப்பதால் மேல் பக்கம் அதைவிட நன்றாக உயரத்தில் இருக்கிறது. ஆழத்தைத் தொடாமலேயே முழு நீளத்தையும் பார்த்துவிடலாம். சர்க்கரை என்றோ கரைந்து போயிற்று. இப்போது மூங்கில் சுறாக்கள் தகடுகளுக்கு அடியில் படுத்திருக்கின்றன, சிங்கமீன்கள் நிழலில் தொங்குகின்றன, சிறுமீன் கூட்டம் பாரந்தூக்கிக் கம்பங்களைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறை என்னவென்றால் தெளிவு நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் கப்பலின் பாதி தெரியும், மறுநாள் முன்னால் போகிறவரின் ஃபின் மட்டும் தெரியும். நீரோட்டமும் இருக்கும். இறங்குகயிற்றைப் பிடித்துப் போய் அதே கயிற்றில் திரும்ப வேண்டியிருக்கும். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள 18 மீட்டர் பொருத்தமான ஆழம்.

பயணமும் எளிது. நான்கு பேர் காரைப் பங்கிட்டுக்கொண்டு பினாங்கிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கோலா பெசுட் போய்ப் படகு ஏறலாம். கோலாலம்பூரிலிருந்து கிழக்குக் கரை நெடுஞ்சாலை இருக்கிறது, அல்லது கோத்தா பாருவுக்கு விமானம். இதில் பினாங்குக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை யாரும் சொல்வதில்லை. டைவ் செய்த பிறகு விமானம் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்: டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரைப்படி ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கும் இடத்தில் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. காலையில் இரண்டு டைவ், மதியப் படகு, மாலையில் மலையேற்றம் என்று திட்டம் போடுகிறவர்கள், உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனோடு, அழுத்தம் குறைந்து அது குமிழியாகக்கூடிய உயரத்துக்குப் போகிறார்கள். விமானத்துக்கான எச்சரிக்கை அந்தச் சாலைக்கும் பொருந்தும். கடைசி டைவுக்குப் பிறகு தீவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். லீவு அதற்கு இடம் தரவில்லை என்றால் ஒரு டைவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெர்ஹெந்தியானின் பெரிய தடை மாதம்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தீவு கிட்டத்தட்ட மூடிவிடும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் காலம். நமக்கு எப்போது கூட்டாக லீவு கிடைக்கிறது? தீபாவளி, அப்புறம் தைப்பூசம். இரண்டும் கிழக்குக் கரை கொந்தளிக்கும் நேரம். மெர்டேக்கா, மலேசிய தினம் வரும் ஆகஸ்ட்–செப்டம்பர்தான் பொருந்தும்.

தீபாவளி லீவில்தான் போக முடியும் என்றால் திசையை மாற்றி அந்தமான் கடலைப் பாருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தாய்லாந்தின் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அங்கே இரண்டு கப்பல்களை ஒப்பிடலாம். ஒன்று கிங் குரூசர். ஜப்பானில் கார் ஏற்றும் பெர்ரியாகக் கட்டிய கப்பல். 1997 மே 4 அன்று புக்கெட்டிலிருந்து பி பி தீவுக்குப் போகும்போது அனிமோன் பாறையில் மோதி மூழ்கியது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். 85 மீட்டர் நீளம், தரை சுமார் 30 மீட்டர். பல அடுக்குகளும் கார் தளமும் கொண்ட அந்தக் கப்பல் இப்போது உள்ளுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. மேல்தளங்கள் இடிந்துவிட்டன, உள்ளே போவது அறவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் மீன் கூட்டம் அபாரம், சுவரே அசைவது போலிருக்கும்.

இன்னொன்று கிளெட் கேயோ. தாய்லாந்துக் கடற்படையின் போக்குவரத்துக் கப்பலாக இருந்து ஓய்வுபெற்றபின், 2014 மார்ச்சில் பி பி தீவுகளருகே செயற்கைப் பாறையாக இறக்கப்பட்டது. நீளம் 47 மீட்டர்தான். தரை 26 மீட்டர் அளவில், மேற்பகுதிகள் அதைவிட நன்றாக மேலே. புக்கெட் கடைக்காரர்கள் பெயர் பெரியது என்று கிங் குரூசரை முன்னால் வைப்பார்கள். முதல்முறை போகிறவருக்கு நான் கிளெட் கேயோவைத்தான் சொல்வேன். கப்பல் கப்பலாகவே நிற்கிறது; முன்முனை எது, பின்முனை எது, கட்டுப்பாட்டு அறை எது என்று புரிந்துகொண்டே சுற்றலாம். இரண்டுக்குமே அட்வான்ஸ்ட் சான்றிதழ் இருந்தால் நல்லது. அதை அங்கேயே இரண்டு நாளில் முடித்து, அதில் கப்பல் டைவையும் ஆழ டைவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோ தாவ் தீவின் சத்தகுட் இதே வகை, கடல்தான் வேறு. 1944-இல் அமெரிக்கக் கடற்படைக்குக் கட்டிய தரையிறங்கு கப்பல். பசிபிக் போரைப் பார்த்து, பிறகு தாய்லாந்துக் கடற்படைக்குப் போய், 2011 ஜூன் 18 அன்று 30 மீட்டர் தரையில் இறக்கப்பட்டது. பீரங்கி இன்னும் தெரியும். தாய்லாந்து வளைகுடா என்பதால் நவம்பர், டிசம்பர் ஆகாது. பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை கொமுட்டர், அப்புறம் ஹாட் யாய், சும்போன், அங்கிருந்து படகு. ரயில் பிரியர்களுக்கு மட்டும்.

இப்போது பாலி. பணம் கூடுதலாக ஆகும் என்று தெரிந்தும் இதை ஒப்பீட்டில் வைக்கிறேன், ஏனென்றால் துலாம்பென் கடற்கரையில் கிடக்கும் லிபர்ட்டி போல ஓபன் வாட்டர்காரர்களுக்கு இடம் தரும் பெரிய கப்பல் இந்த வட்டாரத்தில் வேறில்லை. 1942 ஜனவரி 11 அன்று, ரயில் உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிவந்த இந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. இழுத்துக்கொண்டு போக முயன்று முடியாமல் துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது நிலம் குலுங்கி, கப்பல் கடலுக்குள் சரிந்தது. 120 மீட்டருக்கும் நீளமான அந்த உடல் இன்று கரையிலிருந்து சில பத்து மீட்டரில், 5 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 30 வரை சரிவாகக் கிடக்கிறது.

இதன் வசதியைச் சொல்லி மாளாது. படகு வேண்டாம், கடல்நோய் வருகிறவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. கூழாங்கல் கரையில் நடந்து இறங்கினால் ஆழத்தை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஸ்நோர்க்கலோடு வந்த தங்கையும், ஓபன் வாட்டர் முடித்த அண்ணனும், அனுபவசாலி மாமாவும் ஒரே கப்பலை அவரவர் ஆழத்தில் பார்க்கலாம். உடைந்து திறந்துவிட்ட கப்பல் என்பதால் பல இடங்களில் மேலே வானம் தெரிய நீந்திப் போகலாம். கடற்விசிறிகளும் மென்பவளமும் அறுபது ஆண்டுக் குடியிருப்பு. சிலிண்டர்களைத் தலையில் வைத்துக் கரைக்கு எடுத்து வரும் ஊர்ப் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு; அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

குறை கூட்டம்தான். தெற்கிலிருந்து பகல் பயணிகள் வந்து இறங்கும் பத்து மணிக்குக் குமிழிகளைத்தான் பார்ப்பீர்கள். துலாம்பெனிலேயே தங்கி விடியற்காலையில் இறங்கினால், கப்பலில் உறங்கி எழும் பெரிய கூம்புத்தலைக் கிளிமீன்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கிரிக் சாலைக்குச் சொன்னது இங்கேயும் உண்டு: டைவ் முடித்த கையோடு கிந்தாமணி மலைப்பக்கம் ஏறாதீர்கள், அது 1,500 மீட்டர் உயரம்.

கடைசியாக லாபுவான். கோலாலம்பூர் நண்பன் சொன்னது தவறான இடம் இல்லை, அவனுக்கு இன்னும் காலம் வரவில்லை. அங்கே நான்கு கப்பல்கள் பேர்போனவை. 1980-இல் சிமெண்டு ஏற்றிப் போகும்போது மூழ்கிய துங் ஹுவாங் நிமிர்ந்தே நிற்கிறது. நால்வரில் எளிதானது அதுதான். 1981-இல் போன பிலிப்பைன்ஸ் மீன்பிடிக் கப்பல் ஒன்று. மற்ற இரண்டும் போர்க்காலத்தவை. 1945 ஜூன் 8 அன்று கண்ணிவெடியில் சிக்கிய அமெரிக்கக் கப்பல் சல்யூட் அவற்றில் ஒன்று. எல்லாமே 30 மீட்டரை ஒட்டியோ தாண்டியோ தரையில் கிடக்கின்றன, தண்ணீர் பெரும்பாலும் மங்கல். அட்வான்ஸ்டும், ஆக்ஸிஜன் கூடுதலான காற்றைப் பயன்படுத்தும் நைட்ராக்ஸ் பயிற்சியும் முடித்து, ரெக் சிறப்புப் பயிற்சியும் எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம்.

போர்க்கப்பல் என்றதும் குவாந்தான் கடலைக் கேட்பவர்கள் உண்டு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டும் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 840 மாலுமிகள் இறந்தார்கள். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அவை பொழுதுபோக்கு டைவர்களின் எல்லையைத் தாண்டியவை, அதைவிட முக்கியமாகக் கல்லறைகள். அவற்றை உடைத்து இரும்புக்காக அள்ளியிருக்கிறார்கள்; 2023-இல் நம் கடல்சார் அமலாக்க நிறுவனம் அந்தச் சந்தேகத்தில் ஒரு சீனக் கப்பலைப் பிடித்து வைத்தது. எந்தப் போர்க்கப்பலில் இறங்கினாலும் ஓர் ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் முறை கப்பலுக்கு வெளியேதான். கூரைக்கு அடியில் போய்விட்டால் நேராக மேலே வர வழியில்லை. ஒரு ஃபின் உதையில் துரு மண்டி எழும்பினால் வாசல் மறைந்துவிடும். அதற்கென்று வழிக்கயிறு, இரண்டு டார்ச், காற்றை மூன்று பங்காகப் (போக, திரும்ப, அவசரத்துக்கு) பிரிக்கும் பழக்கம் எல்லாம் சொல்லித்தரும் பயிற்சி தனியாக இருக்கிறது. 'சும்மா ஒரு அறைதான், வாங்க' என்று கூப்பிடும் வழிகாட்டியிடம் தலையாட்டி மறுத்துவிடுங்கள். வலைக்கு ஒரு சிறு கத்தரி வைத்துக்கொள்ளுங்கள், கையால் எதையும் பிடிக்காதீர்கள். நச்சு முள்ளுள்ள கல்மீனும் சிங்கமீனும் துருவின் நிறத்தில்தான் இருக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் டைவ் கடையில் கேளுங்கள்: வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர், படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, கப்பலில் இறங்குகயிறு நிரந்தரமாகக் கட்டியிருக்கிறதா, நைட்ரஜன் குமிழியால் பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் எந்த அழுத்த அறைக்கு அவசரத்தில் அனுப்புவார்கள். தீபகற்பத்தில் லுமுட் இராணுவ மருத்துவமனையில் அந்த அறை இருக்கிறது; பெர்ஹெந்தியானிலிருந்து லுமுட் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, டைவர்களுக்கான காப்புறுதியையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தம்பிக்கு நான் சொன்ன பதில் இது: ஆகஸ்ட் கடைசியில் நாலு நாள் லீவு கிடைத்தால் பெர்ஹெந்தியான், தீபாவளிக்குத்தான் கிடைக்கும் என்றால் பி பி போய் அட்வான்ஸ்டோடு கிளெட் கேயோ, வீட்டாரையும் கூட்டிப் போகிற எண்ணம் இருந்தால் அடுத்த வருஷம் வரை சேமித்துத் துலாம்பென்.